ஓரம் மங்க வேண்டும், ஆனால் எவ்வளவு? தூக்கி வைத்த மாஸ்க்கில் ஏர்பிரஷ் அடிப்பது பற்றி

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 1/48ல ஹண்டர் கட்டிக்கிட்டு இருக்கேன். நம்ம விமானப்படையோட சாம்பல், பச்சை உருமறைப்பு. டேப் ஒட்டி அடிச்சா ஓரம் ரொம்பக் கூரா நிக்குது. மாஸ்க் இல்லாம கையாலயே அடிச்சா ரெண்டு மில்லி, மூணு மில்லின்னு படருது. மாஸ்க்கைத் தூக்கி வெச்சு அடிக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு தூக்கணும், எதை வெச்சுத் தூக்கணும்? மலை மேல இந்த ஈரத்துல சரி வருமா?"

சரி தம்பி. மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹண்டர் ஒரு போர் விமானம், 1/48 என்றால் உண்மை விமானத்தில் 48ல் ஒரு பங்கு அளவுள்ள மாடல். ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் கருவி, மாஸ்க் என்பது பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் தாள் அல்லது ஷீட். ஆனால் "எவ்வளவு தூக்கணும்" என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: மாடலில் அந்த ஓரம் எத்தனை மில்லிமீட்டர் மங்க வேண்டும்? அதை முடிவு செய்யாமல் மாஸ்க்கைத் தூக்கினால் குத்துமதிப்பாகத்தான் ஏதோ வரும்.

கணக்கு எளிது. உண்மை விமானத்தில் இரண்டு நிறம் சேரும் இடம் ஓர் அங்குலம், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர் மங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/72ல் அது 0.35 மில்லிமீட்டர். 1/48ல் அரை மில்லிக்குச் சற்று மேல். 1/32ல்கூட 0.8தான். இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையால் அடித்தபோது உங்களுக்கு வந்த 3 மில்லிமீட்டர் மங்கலை 48ஆல் பெருக்கினால் 14 சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. உண்மையான ஹண்டரின் இறக்கையில் அரைச் சாணுக்கும் மேலான அகலத்துக்கு நிறம் கரைந்து நின்றால் எப்படி இருக்கும்? மாடலைப் பார்த்ததும் "இது பொம்மை" என்று கண் சொல்லிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். கூரான ஓரத்தைவிட அதிகமாக மங்கிய ஓரம்தான் அளவைக் காட்டிக்கொடுக்கும் என்பது என் கருத்து. ஒன்று தவறியே ஆக வேண்டுமென்றால் கூர்மைப் பக்கம் தவறட்டும்.

0.3 மில்லிமீட்டர் ஊசி போட்ட ஏர்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, இறக்கை முழுக்க ஒரே சீராக அரை மில்லி மங்கலைக் கையாலேயே கொண்டுவருவது மிகத் தேர்ந்த கைக்கு மட்டும்தான் முடியும். மற்றவர்களுக்கெல்லாம் தூக்கி வைத்த மாஸ்க்தான் வழி.

ஓரம் எவ்வளவு மங்கல் என்பதற்குப் படம் பார்க்க வேண்டும். ஹண்டர் நம் விமானப்படைக்கு வந்தது 1957ல். 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்தவை இவைதான் என்பதால் அந்தக் காலத்துப் படங்கள் தேடினால் கிடைக்கும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது ஓரம் மட்டும்தான். அருங்காட்சியகங்களிலும் விமானத்தளங்களின் வாசல்களிலும் நிற்கும் ஹண்டர்களை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நின்று பலமுறை மறுபடி பெயின்ட் கண்டவை அவை. எந்தக் கையில் பிரஷ் இருந்ததோ, எந்தக் கையில் ரோலர் இருந்ததோ! வடிவத்துக்கும் அளவுக்கும் போய்ப் பார்க்கலாம், ஓரத்துக்கு வேண்டாம்.

இனி மாஸ்க்குக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏர்பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் நேர்க்கோட்டில் வருவதில்லை, கூம்பாக விரிந்து வருகிறது. மாஸ்க் பரப்போடு ஒட்டியிருந்தால் சாய்ந்து வரும் துளிகளுக்கு உள்ளே போக வழியில்லை, ஓரம் கூராக நிற்கும். கொஞ்சம் தூக்கினால் சாய்ந்து வரும் துளிகள் விளிம்புக்கு அடியில் சிறிது தூரம் போய் உட்காரும். உள்ளே போகப்போக அவை குறைவதால் நிறமும் படிப்படியாகக் குறையும். நமக்கு வேண்டிய மங்கல் இதுதான்.

ஆனால் இதோடு முடிவதில்லை. பெயின்ட்டோடு காற்றும் வருகிறது. அது பரப்பில் மோதி, போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. மாஸ்க்குக்கு அடியில் இடைவெளி இருந்தால் அதற்குள் புகுந்து, மிக நுண்ணிய துளிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. விளிம்பிலிருந்து ஐந்து மில்லி, பத்து மில்லி உள்ளே சாம்பல் நிறத்தின் மேல் பச்சைத் தூசி போல் படிவது இந்தக் காற்றின் வேலை. உயரத்தைக் குறைத்தாலும் இது முழுதாகப் போகாது. அழுத்தத்தைக் குறைத்தால்தான் போகும். ஒரே 1 மில்லி உயரத்தில் 15 பிஎஸ்ஐயில் (காற்றழுத்தத்தின் அளவு) சுத்தமாக வரும் ஓரம் 30 பிஎஸ்ஐயில் அழுக்காக வரும். "உயரம் சரியாத்தான் வெச்சேன், ஆனா நல்லா வரலை" என்பவர்கள் முதலில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த வித்தை மாடல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. சேலத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை எதிலாவது காரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கும்போது நின்று கவனியுங்கள். பழைய பெயின்ட்டும் புதிய பெயின்ட்டும் சேரும் இடத்தில் டேப்பைத் தட்டையாக ஒட்டாமல், விளிம்பைப் பின்பக்கமாக மடித்து உருட்டி, கொஞ்சம் தூக்கினாற்போல் விடுவார்கள். கோடு விழாமல் நிறம் கரைய வேண்டும் என்பதுதான் காரணம். நாம் செய்யப்போவது அதையே சின்ன அளவில்.

எவ்வளவு தூக்குவது? என்னிடம் ஓர் எண்ணைக் கேட்டு வாங்குவதைவிட உங்கள் ஏர்பிரஷ், உங்கள் பெயின்ட், உங்கள் அழுத்தத்தில் என்ன வருகிறது என்று நீங்களே அளந்துவிடலாம். பழைய சிடி ஒன்றை எடுத்து சாம்பல் நிறம் அடித்துக் காயவிடுங்கள். கெட்டி அட்டையில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்ப்பட்டை வெட்டுங்கள். அதன் ஒரு முனை சிடியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மறுமுனைக்கு அடியில் 3 மில்லி உயரத்துக்கு ஏதாவது வையுங்கள். பட்டை இப்போது சரிவாக நிற்கும். அதன் விளிம்பையொட்டி நேர் மேலிருந்து பச்சையை ஒரே வேகத்தில் அடியுங்கள். காய்ந்ததும் பட்டையை எடுத்துப் பார்த்தால், ஒரு முனையில் கூராகத் தொடங்கும் ஓரம் மறுமுனை போகப்போக அகலமாக மங்கியிருக்கும். ஸ்கேலை வைத்து, மங்கல் அரை மில்லி இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில் பட்டை எவ்வளவு உயரத்தில் இருந்தது? தொட்ட முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூரம் என்றால் உயரம் 0.9 மில்லி. அதுதான் உங்கள் எண். ஐந்து நிமிட வேலை. பெயின்ட் பிராண்டு மாறினாலோ ஊசி மாறினாலோ இன்னொரு முறை செய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் 1/48க்கு ஒரு மில்லிக்குச் சற்று முன்பின்னாகத்தான் வரும். 1/72 என்றால் அரை மில்லி போதும். அந்த அளவுக்கு டேப்பின் விளிம்பை நகத்தால் லேசாகக் கிளப்பி விட்டாலே பலசமயம் வேலை முடிந்துவிடும்.

இப்போது மாஸ்க் செய்யும் விஷயம். மாடல் கிட்டோடு வரும் நிறப்படத்தை மாடல் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். ஹண்டரின் இறக்கை அகலம் முனைக்கு முனை 10.26 மீட்டர். 1/48ல் அது 214 மில்லிமீட்டர். படத்தில் அதே அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 150 மில்லி இருக்கிறதென்றால் 214ஐ 150ஆல் வகுத்து நூறால் பெருக்க, 143 சதவீதம். ஜெராக்ஸ் கடையில் "ஏ3ல 143 பர்சென்ட்" என்று சொன்னால் போதும், ஏ4ல் அடங்காது. கையில் கட்டிய மாடலையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். நகலெடுத்து வந்ததும் இறக்கை மேல் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் சரியாக உட்கார்ந்தால் மேற்கொண்டு போகலாம்.

அந்த ஜெராக்ஸ் தாளையே மாஸ்க்காக வெட்டலாம் என்று பலர் சொல்வார்கள். கீழே சேலத்தில் வெட்டலாம். ஏற்காட்டில் வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில், பனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில், சாதாரணத் தாள் இரவு முழுக்க ஈரத்தைக் குடித்துக் காலையில் அலை அலையாக நிற்கும். விளிம்பு ஓரிடத்தில் அரை மில்லி, இன்னோரிடத்தில் இரண்டு மில்லி என்று உயர்ந்து தாழ்ந்தால் ஓரமும் அப்படியேதான் வரும். உங்களுக்கு ஓஹெச்பி ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் நல்லது. ஈரம் குடிக்காது, அடியில் இருப்பது தெரியும், எந்த இடத்தில் வைக்கிறோம் என்று பார்த்து வைக்கலாம். தாளை அதன் அடியில் ஒட்டி, புது சர்ஜிக்கல் பிளேடால் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். ஓஹெச்பி ஷீட் இல்லையென்றால் வழவழப்பான கல்யாணப் பத்திரிகை அட்டை. எல்லார் வீட்டிலும் கட்டுக்கட்டாக இருப்பதுதானே.

தூக்குவதற்கு இரண்டு பொருள் வேண்டும், இரண்டுக்கும் வேறு வேறு வேலை. உயரத்துக்கு, இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப். சாதாரணமாகக் கிடைப்பது ஒரு மில்லி அளவு தடிமன் இருக்கும். அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி மாஸ்க்கின் அடியில் ஒட்டுங்கள். மறுபக்கத்துத் தாளை உரிக்காதீர்கள், அந்தப் பசை பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். மாஸ்க் நகராமல் பிடித்துக்கொள்ள, அங்கங்கே மிளகளவு ப்ளூ டாக், அதாவது சுவரில் போஸ்டர் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற பசை. உயரத்தையும் ப்ளூ டாக்கிலேயே கொண்டுவர நினைத்தால் ஒவ்வோர் உருண்டையும் ஒவ்வோர் அளவுக்கு அமுங்கும், ஒரு மாஸ்க்கிலேயே நான்கு உயரம் வந்துவிடும்.

சதுரங்களை விளிம்பிலிருந்து நான்கைந்து மில்லி உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பை ஒட்டி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உள்ளே போக முடியாமல், மங்கிய ஓரத்தில் சின்னச் சின்னக் கூர்மைகள் தெரியும். ரொம்பத் தள்ளி வைத்தால் நடுவில் ஷீட் தொங்கும். சதுரத்துக்குச் சதுரம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

இறக்கைக்கு இது போதும், அது தட்டை. உடல்பகுதிக்கு இது ஒத்துவராது. படம் தட்டையாக வரைந்தது, உடலோ உருண்டை. மேலிருந்து பார்க்கும் படத்தை அப்படியே முதுகின் மேல் வளைத்தால் பக்கவாட்டில் எட்டாது. அதனால் உடலுக்குப் பக்கவாட்டுப் படத்திலிருந்து தனி மாஸ்க் வெட்டி, முதுகின் மேல் இரண்டு பக்கத்துக் கோடுகளும் சேரும் இடத்தை ப்ளூ டாக் திரியால் இணைக்க வேண்டும். இறக்கை உடலோடு சேரும் மூலை, காற்று உள்ளே போகும் வாய், வால் இறக்கையின் அடி, இங்கெல்லாமும் திரிதான்.

திரி உருட்டுவதற்கு டைல்ஸ் துண்டு ஒன்றும் தட்டையான பிளாஸ்டிக் மூடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் உருட்டினால் அங்கங்கே பள்ளம் விழும். மூடியால் உருட்டினால் ஒரே தடிமனாக வரும். இரண்டு மில்லி குறுக்களவு இருக்கட்டும். வைக்கும்போது அழுத்தாதீர்கள், தொட்டு நிறுத்தினால் போதும். அழுத்தினால் வயிறு தட்டையாகி, விளிம்புக்கு அடியில் இருந்த இடைவெளி அடைபட்டு, கூரான ஓரம் வந்துவிடும். திரியில் ஒரு சூட்சுமம்: அது உருண்டையானதால் எந்தக் கோணத்தில் அடிக்கிறோம் என்பதே ஓரத்தை முடிவு செய்கிறது. நேர் மேலிருந்து அடித்தால் நடுத்தரமான மங்கல். திறந்த பக்கத்திலிருந்து திரியை நோக்கிச் சாய்த்து அடித்தால் பெயின்ட் திரியின் அடிவரை போய் ஓரம் கூராகும். திரியின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அடித்தால் கோடு சற்று வெளியே தள்ளிப்போய் மெதுவாகக் கரையும். மூன்றும் ஒரே மாடலில் கலந்துவிட்டால் பார்க்கச் சகிக்காது. எனவே எங்கே அடித்தாலும் பரப்புக்குச் செங்குத்தாக. உடல் உருண்டையாக இருப்பதால் கையைச் சாய்க்காமல் மாடலைத் திருப்புங்கள்.

பெயின்ட். டாமியா கம்பெனியின் அக்ரிலிக்கில் பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, சாம்பலுக்கு எக்ஸ்எஃப்-54. வெளிர் நிறம் முதலில், அதாவது மேல்பக்கம் முழுக்கச் சாம்பல். ஒரு நாள் முழுசாகக் காயட்டும். அப்புறம் சாம்பலாக இருக்க வேண்டிய இடங்களில் மாஸ்க், திறந்த இடத்தில் பச்சை. பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. அழுத்தம் 12லிருந்து 15 பிஎஸ்ஐ. அழுத்தம் குறையும்போது பெயின்ட் நீர்த்திருந்தால்தான் துளி நுண்ணியதாக உடையும். ஆறு, ஏழு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, முதலில் விளிம்பையொட்டி மெல்லிய பூச்சு. உலர அரை நிமிடம். மறுபடி. முதல் பூச்சில் பச்சை சரியாகத் தெரியாது, தெரியவும் கூடாது. மூன்றாவது, நான்காவது பூச்சில் ஏறிவிடும். விளிம்பு முடிந்த பிறகு நடுவை நிரப்புங்கள். விளிம்பில் ஈரமாக அடித்தால் பெயின்ட் வழிந்து, ஷீட் தொடும் இடமெல்லாம் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

இனி உங்கள் மலை. லேக்கர் தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அங்கே நீராகப் படிந்து பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். டாமியாவை அதன் சொந்த எக்ஸ்-20ஏ தின்னரிலேயே கலந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஜன்னலுக்கு வெளியே காபித் தோட்டம் தெரியாத அளவு மூட்டம் நிற்கும் நாளில் பிரஷ்ஷைத் தொடாமல் மாஸ்க் வெட்டிக்கொண்டிருங்கள். இன்னொன்று, கம்ப்ரஸர் அழுத்தும் காற்றில் இருக்கும் ஈரம் குழாயில் போகும்போது குளிர்ந்து நீராகிறது. கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் வாட்டர் டிராப் மட்டும் ஏற்காட்டுக்குப் போதாது. பிரஷ்ஷின் பிடிக்கு அடியில் மாட்டும் சின்ன டிராப் ஒன்று வாங்கிப் போடுங்கள். டேங்க் இருந்தால் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் அடியில் இருக்கும் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். விளிம்பில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பினால் அந்த இறக்கையே போச்சு.

கீழே எங்களுக்கு நேர்மாறான பாடு. ஏப்ரல், மே சேலத்து வெயிலில் பெயின்ட் போய்ச் சேருவதற்குள் காற்றிலேயே காய்ந்து, ஓரத்தில் மணல் போல் சொரசொரவென்று படியும். அதற்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில சொட்டு, விடிகாலை வேலை, கொஞ்சம் கிட்டத்தில் பிடிப்பது, இவ்வளவுதான் மருந்து. ப்ளூ டாக்கும் அந்தச் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். உருட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடங்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து டாங்கி கட்டப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள். ஜெர்மன் டாங்கிகளுக்கு 1943 பிப்ரவரியில் அடர்மஞ்சள் அடிநிறமாக வந்த பிறகு, பச்சையும் செம்பழுப்பும் பசையாகப் படைப்பிரிவுகளுக்குக் கொடுக்கப்பட்டன. களத்தில் கரைத்து அவர்களே அடித்துக்கொண்டார்கள். அந்த ஓரங்கள் வண்டிக்கு வண்டி மாறும், ஒரே வண்டியிலும் மாறும். அங்கே மாஸ்க் வைத்துச் சீராக்கினால் பொய்யாகத் தெரியும். கையால் அடிப்பதுதான் சரி. ஒரே வரைபடத்தைப் பார்த்து ஒழுங்காக அடித்த விமானங்களுக்குத்தான் தூக்கி வைத்த மாஸ்க்.

மாஸ்க்கை எடுத்ததும் மனசு கொஞ்சம் சோரும், பரவாயில்லை. சாம்பல் பக்கத்தில் பச்சைத் தூசி லேசாக இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் காயவிட்டு, பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் தேய்த்தால் காய்ந்து உட்கார்ந்த தூசி பெரும்பகுதி வந்துவிடும். வராததற்கு, அதே சாம்பலை இன்னும் நீர்த்துக் கரைத்து, ஓரத்திலிருந்து இரண்டு மில்லி தள்ளிக் கையால் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஓரத்தைத் தொட வேண்டாம், தொட்டால் திரும்ப ஆரம்பத்துக்கே போய்விடுவோம்.

ப்ளூ டாக்கை மாடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். எண்ணெய் இறங்கிப் பளபளப்பான புள்ளிகள் விழும். அதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுத்துவிடாதீர்கள், அது டாமியா அக்ரிலிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப் இரண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடித்து, சின்னங்களை ஒட்டும் டெக்கால் வேலைக்குப் போகலாம்.